இறுதி ஆட்டத்தை ஒரே ராத்திரியில் முடித்துவிடாதீர்கள்

மும்பையில் கூடைப்பந்துப் போட்டிகள் நடத்தும் ஜிம்கானா, கிளப், கல்லூரி நிர்வாகிகளுக்கு,

வணக்கம். சயானிலிருந்து எழுதுகிறேன். உங்கள் போட்டிகளில் ஸ்கோர் டேபிளில் உட்காரும் ஆட்களில் நானும் ஒருவன். ஒன்றாம், மூன்றாம் குவார்ட்டருக்குச் சிவப்புப் பேனா, இரண்டாம், நான்காம் குவார்ட்டருக்கு நீலப் பேனா என்று மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருப்பவனை நீங்கள் பார்த்திருப்பீர்கள், பெயர் தெரிந்திருக்காது. உங்கள் கமிட்டிகளில் மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள் என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன். மற்றவர்களுக்கு நீங்களே எடுத்துச் சொல்லிவிடுங்கள்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். அடுத்த சீசனிலிருந்து அரையிறுதியையும் இறுதியையும் மூன்று ஆட்டத் தொடராக நடத்துங்கள். இரண்டு ஜெயிப்பவர் மேலே போகட்டும். அவ்வளவு முடியாது என்றால் இறுதியையாவது அப்படி நடத்துங்கள்.

ஏன் என்று கேட்பீர்கள். போன சீசனில் நான் எழுதிய ஓர் இறுதி ஆட்டத்தைச் சொல்கிறேன். எந்தப் போட்டி, எந்த அணிகள் என்பது வேண்டாம். ஓர் அணியில் சென்டர், அதாவது கூடைக்கடியில் ஆடுகிறவன், மற்ற எல்லோரையும்விட ஒரு தலை உயரம். எதிரணியில் வேகமான, குட்டையான பையன்கள். உயரமாக ஒரே ஒருவன். ஆட்டம் தொடங்க 10 நிமிடம் இருக்கும்போது பயிற்சியாளர் முதல் ஐந்து பேரைக் குறித்துக் கையெழுத்துப் போட வேண்டும் அல்லவா, அப்போது அந்தக் கோச் யோசிக்காமல் தன் உயரமான பையனைக் குறித்தார். சென்டருக்கு எதிரே சென்டர், அதுதான் வழக்கம். அந்தப் பையன் பாவம், முட்டுக் கொடுத்துப் பார்த்தான். இடைவேளைக்குள் மூன்று ஃபவுல். மூன்றாம் குவார்ட்டரில் சிவப்பு மையில் நான்காவதையும் எழுதினேன். ஐந்தாவது வந்தால் வெளியே. வேறு வழியில்லாமல் அவனை உட்கார வைத்துவிட்டு ஐந்து குட்டைப் பையன்களை இறக்கினார். அப்போது 17 பாயின்ட் பின்னால் இருந்தார்கள்.

அப்புறம்தான் ஆட்டமே மாறியது. நம் விதியில் அந்த உயரமான சென்டர் கூடைக்கடியிலேயே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்று தடுக்கலாம். அமெரிக்காவின் என்பிஏ லீக்கில் யாரையும் மார்க் பண்ணாமல் மூன்று செகண்டுக்கு மேல் அங்கே நின்றால் தப்பு. இங்கே அந்தத் தொல்லை இல்லை. அதனால் அவன் நின்றான். ஆனால் அவன் கூடைக்கடியில் நிற்க, அவன் பார்க்க வேண்டிய ஆள் வெளியே மூன்று பாயின்ட் கோட்டுக்குப் பின்னால் சும்மா நிற்கிறான். பந்து அவனிடம் வந்து சேர்ந்தால் மூன்று பாயின்ட். மூன்று பாயின்ட் விழுந்தால் ஸ்கோர் ஷீட்டில் வீரரின் எண்ணைச் சுற்றி வட்டம் போடுவோம். அந்த நான்காம் குவார்ட்டரில் என் தாளில் வரிசையாக நீல வட்டம். 17 என்பது ஆறாகக் குறைந்தது. அப்போது பஸ்ஸர் அடித்துவிட்டது.

பரிசளிப்புக்கு மைக் சரி பண்ணிக்கொண்டிருந்தபோது தோற்ற கோச் டேபிளுக்கு வந்து தாளை எட்டிப் பார்த்தார். அந்த ஐந்தாவது குட்டைப் பையன் எப்போது உள்ளே வந்தான், அதிலிருந்து எத்தனை பாயின்ட் என்று விரலால் எண்ணினார். "நாளைக்கு இன்னொரு மேட்ச் இருந்தா இவனையே ஸ்டார்ட் பண்ணுவேன்" என்றார். நாளைக்கு மேட்ச் இல்லை. கோப்பையைக் கொடுத்தாயிற்று, ஃபிளட்லைட்டை அணைத்தாயிற்று.

ஜெயித்த கோச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான்காம் குவார்ட்டரில் அவர் ஒரு டைம்-அவுட் கேட்டார். நம்மூரில் டைம்-அவுட்டை ஆடுகிறவன் கேட்க முடியாது, கோச் டேபிளில் வந்துதான் கேட்க வேண்டும். ஒரு நிமிடம் முழுக்க அவர் சொன்னது என் காதில் விழுந்தது: "பொறுமையா ஆடுங்க, பதறாதீங்க, மனசு வைங்க." அந்தச் சென்டரைக் கோடு வரை வெளியே வந்து தடுக்கச் சொல்வதா, ஆளுக்கு ஆள் என்றில்லாமல் இடத்தைப் பிரித்துத் தடுக்கும் ஸோனுக்குப் போவதா, அவனையே உட்கார வைத்துவிட்டுத் தானும் குட்டை அணியை இறக்குவதா என்று ஒரு வார்த்தை இல்லை. அவருக்குத் தெரியாது என்று நான் சொல்லவில்லை. யோசிக்க வேண்டிய அவசியம் வரவில்லை. நேரம் முடிந்துவிடும் என்று அவருக்குத் தெரியும், முடிந்தும்விட்டது.

இதே கதைதான் 2015 என்பிஏ இறுதித் தொடரிலும். என்ன, அங்கே நாளைக்கு என்று ஒன்று இருந்தது.

கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸும் கிளீவ்லாந்து கேவலியர்ஸும் மோதிய தொடர் அது. கிளீவ்லாந்தில் கெவின் லவ் ஏற்கெனவே காயம். கைரி இர்விங் முதல் ஆட்டத்திலேயே முழங்காலை உடைத்துக்கொண்டார். இருந்தும் லெப்ரான் ஜேம்ஸ் ஒருவரே இழுத்துக்கொண்டு போய் 2-1 என்று முன்னிலை வாங்கித் தந்தார். ஆட்டத்தை மெதுவாக்கி, உயரமானவர்களை வைத்து ரீபவுண்டை வாரிக்கொள்வது அவர்கள் வழி. நான்காம் ஆட்டத்துக்கு முன் வாரியர்ஸ் கோச் ஸ்டீவ் கெர் தன் ஏழடி சென்டர் ஆண்ட்ரூ போகட்டை பெஞ்சுக்கு அனுப்பிவிட்டு ஆந்த்ரே இக்வடாலாவை முதல் ஐவரில் இறக்கினார். அந்த சீசனின் லீக் ஆட்டங்கள் ஒன்றில்கூட முதல் ஐவரில் இறங்காதவர் இக்வடாலா. சென்டர் இடத்தில் டிரேமண்ட் கிரீன், ஆறடியும் சில அங்குலமும்தான். எதிரே ஏழடி ஓர் அங்குல மோஸ்காஃப்.

தொடக்கத்தில் கிளீவ்லாந்து 7-0. கெரை எல்லோரும் திட்டியிருப்பார்கள். அவர் மாற்றவில்லை. மோஸ்காஃப் அன்று 28 பாயின்ட் எடுத்தார், கணக்குப்படி பார்த்தால் அவருக்கு எதிரே இருந்த உயரமானவரை பெஞ்சில் உட்கார வைத்தது தப்பு என்று தோன்றும். ஆனால் வாரியர்ஸ் 103-82 என்று ஜெயித்தார்கள். மோஸ்காஃப் அந்தப் பக்கம் 28 எடுக்கட்டும். இந்தப் பக்கம் ஓட்டத்தில் அவர் யாரைத் துரத்துவார் என்பதுதான் கெர் கேட்ட கேள்வி.

இந்த இடத்தில்தான் தொடரின் அருமை. ஐந்தாம் ஆட்டத்தில் கிளீவ்லாந்து கோச் டேவிட் பிளாட் பதில் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னார். முந்தின ஆட்டத்தில் 28 எடுத்த மோஸ்காஃபை ஒன்பது நிமிடம்தான் ஆட வைத்து, தானும் குட்டை அணியை இறக்கினார். வேலைக்கு ஆகவில்லை; குட்டை ஆட்டம் எதிராளிக்கு ஊறிப்போன ஆட்டம். வாரியர்ஸ் 4-2 என்று தொடரை எடுத்தார்கள். இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருது இக்வடாலாவுக்கு. பிளாட் செய்தது சரியா தப்பா என்று இன்றைக்கும் எங்கள் பசங்க சண்டை போடுகிறார்கள். என் கட்சி: மோஸ்காஃபை விட்டிருக்கக் கூடாது. எதிராளி எந்த ஆட்டத்துக்கு உங்களை இழுக்கிறானோ அந்த ஆட்டத்துக்குப் போவதை நான் பதில் என்று சொல்ல மாட்டேன்.

போகட்டை உட்கார வைத்த கெரின் அந்த யோசனை யாருடையது தெரியுமா? நிக் யூரென் என்கிற 28 வயது உதவியாளர். வீடியோ வெட்டித் தருவது, கோச்சின் வேலைகளைக் கவனிப்பது, இதெல்லாம் அவர் பொறுப்பு. முந்தின ஆண்டு, 2014 இறுதித் தொடரில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் மயாமியோடு 1-1 என்று இருந்தபோது, ஸ்பர்ஸ் கோச் கிரெக் பாபவிச் டியாகோ ஸ்ப்ளிட்டரை எடுத்துவிட்டு போரிஸ் டியாவை முதல் ஐவரில் வைத்தார். அடுத்த ஆட்டத்தின் முதல் பாதியில் மட்டும் ஸ்பர்ஸ் 71 பாயின்ட். யூரென் அந்தப் பழைய வீடியோவைப் பார்த்துத்தான் ராத்திரியோடு ராத்திரியாக இந்த யோசனையைச் சொல்லியிருக்கிறார். கெரும் ஜெயித்த பிறகு பெயரைச் சொல்லிப் பெருமையைக் கொடுத்தார். ஆட்டத்துக்கு முன் நிருபர்களிடம் மாற்றம் எதுவும் இல்லை என்று சொன்னது பொய் என்பதையும் கையோடு ஒப்புக்கொண்டார். அது வேறு விஷயம்.

நம் அணிகளிலும் அப்படி ஒரு பையன் இருக்கிறான். பன்னிரண்டாவது ஆளாக பெஞ்சில் உட்கார்ந்து, ஆட்டம் முழுக்கப் பக்கத்தில் இருப்பவனிடம் "அவன் வலது பக்கம் போகவே மாட்டேங்கிறான், கவனிச்சியா" என்று சொல்லிக்கொண்டே இருப்பவன். டேபிளிலிருந்து எனக்குக் கேட்கும். அவனிடம் யாரும் கேட்பதில்லை. ராத்திரி கேட்டால் மறுநாள் பயன்படும். மறுநாளே இல்லாத போட்டியில் அவனைக் கேட்டு என்ன செய்ய?

ஆளை மாற்றாமலே மேட்ச்-அப்பை, அதாவது யார் யாரை மார்க் பண்ணுவது என்பதை, மட்டும் மாற்றுவதும் உண்டு. அதே 2015-ல், இரண்டாம் சுற்றில் வாரியர்ஸ் மெம்ஃபிஸிடம் 2-1 என்று பின்தங்கியிருந்தார்கள். மெம்ஃபிஸின் டோனி ஆலன் தடுப்பாட்டத்தில் புலி, வெளியிலிருந்து போடுவதில் சுமார். நான்காம் ஆட்டத்தில் கெர் தன் சென்டர் போகட்டை ஆலனுக்கு மார்க்காக வைத்தார். பெயருக்குத்தான் மார்க். போகட் கூடைக்கடியிலேயே நின்றுகொண்டார். முடிந்தால் போடு என்று ஆலனை வெளியே விட்டுவிட்டார். மெம்ஃபிஸின் உயரமானவர்களுக்கு உள்ளே இடமே இல்லாமல் போயிற்று. ஆறு ஆட்டத்தில் தொடர் முடிந்தது. 2019 கிழக்குப் பிரிவு இறுதியில் டொரான்டோ மில்வாக்கியிடம் முதல் இரண்டையும் தோற்ற பிறகு, கோச் நிக் நர்ஸ் மூன்றாம் ஆட்டத்தில் காவை லெனர்டை யானிஸ் அண்டெட்டகுன்போ மேல் போட்டார். அந்த ஆட்டம் இரண்டு ஓவர்டைம் போனது. அதிலிருந்து தொடர்ந்து நான்கையும் டொரான்டோ எடுத்தது. அதே ஆட்கள்தான், யார் யாரைப் பார்ப்பது என்பது மட்டும் வேறு.

எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு இந்த விஷயத்தில் ஓர் அனுகூலம் உண்டு. தாராவிப் பசங்க இரண்டு பேர் தடுப்பாட்டத்தில் தமிழில் கத்திக்கொள்வார்கள்: "நான் பார்த்துக்கிறேன், நீ அந்த நெட்டையைப் பிடி", "ஸ்கிரீன் வருதுடா, பின்னாடி". பாந்த்ரா அணிக்கு எதிராக இது பிரமாதமாக வேலை செய்கிறது. மாட்டுங்கா அணிக்கு எதிராகச் சுத்தமாக வேலை செய்வதில்லை, அங்கே பாதிப் பேருக்குத் தமிழ் தெரியும். அன்றைக்கு இந்தியில் கத்துகிறார்கள். சிரித்துக்கொண்டே எழுதுகிறேன், ஆனால் எதிராளியைப் பார்த்து மாற்றிக்கொள்வது என்பது இதுதான்.

மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று உங்களிடம் விற்க வரவில்லை. 2025 இறுதித் தொடரைப் பார்த்திருப்பீர்கள். காலை ஆறு மணிக்கு ஆட்டம், பார்த்துவிட்டு லோக்கல் பிடித்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். 68 ஆட்டம் ஜெயித்து வந்த ஓக்லஹோமா சிட்டி, தங்களை அதுவரை கொண்டுவந்த இரண்டு உயரமானவர்கள் அணியை முதல் ஆட்டத்திலேயே கலைத்தது. கோச் மார்க் டெய்க்னால்ட் ஹார்ட்டன்ஸ்டைனை பெஞ்சில் வைத்துவிட்டு கேசன் வாலஸை இறக்கினார். இந்தியானா வேகமான அணி, அதற்கு முன்னெச்சரிக்கை. 0.3 செகண்ட் மிச்சமிருக்க டைரீஸ் ஹாலிபர்ட்டன் போட்ட பந்தில் 111-110 என்று தோற்றார்கள். 2-1 என்று பின்தங்கியதும், நான்காம் ஆட்டத்தில் ஹார்ட்டன்ஸ்டைனைத் திரும்பக் கொண்டுவந்தார், ஜெயித்தார், கடைசியில் ஏழாவது ஆட்டத்தில் கோப்பையும் வந்தது. ஒரே ஓர் ஆட்டம்தான் இறுதி என்றால் இந்தியானாதான் சாம்பியன், டெய்க்னால்ட் கதை அந்த 0.3 செகண்டோடு முடிந்திருக்கும்.

அதே ஆண்டு, அதற்கு முந்தின சுற்றில் நியூயார்க் நிக்ஸ். சொந்த மண்ணில் முதல் இரண்டையும் இந்தியானாவிடம் தோற்ற பிறகு கோச் டாம் திபடோ, ஜாஷ் ஹார்ட்டுக்குப் பதிலாக மிட்செல் ராபின்சனை முதல் ஐவரில் வைத்தார். மூன்றாம் ஆட்டத்தை 20 பாயின்ட் பின்னாலிருந்து வந்து ஜெயித்தார்கள். ஆனாலும் தொடர் 4-2 என்று போய்விட்டது, சில நாளில் திபடோவின் வேலையும் போய்விட்டது. மாற்றம் சரிதான், இரண்டு ஆட்டம் தாமதம் என்று நான் நினைக்கிறேன். எதிரே இந்தியானாவின் கோச் ரிக் கார்லைல் என்பதையும் மறக்கக் கூடாது. 2011-ல் டல்லாஸ் கோச்சாக மயாமியிடம் 2-1 என்று பின்தங்கியபோது, ஆறடிகூட இல்லாத ஜே.ஜே. பரேயாவை முதல் ஐவரில் வைத்து அடுத்த மூன்றையும் எடுத்த மனிதர் அவர்.

இதையெல்லாம் டிவியில் பார்த்து வளர்கிற பிள்ளைகள் நம் மைதானத்துக்கு வந்தால் என்ன கிடைக்கிறது? ஒரு ராத்திரி, 40 நிமிடம், தோற்றால் வீடு. தோற்ற கோச் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: பசங்க மனசு வைக்கவில்லை. ஒற்றை ஆட்டத்தில் இதைச் சொல்லித் தப்பிக்கலாம். மறுநாள் அதே எதிராளி, அதே சென்டர் என்றால் மனசு பேச்சு எடுபடாது, அப்பாமார்களே கேட்பார்கள், "சார், அவனுக்கு யாரைப் போடப் போறீங்க?" என்று. என் கோபம் கோச்கள் மேல் இல்லை. கேள்வியே கேட்காத தேர்வில் படிக்காமல் போவது அவர்கள் குற்றமா?

இந்த ஊருக்கு என்பிஏ அணிகளே வந்தன, 2019 அக்டோபரில், வொர்லி என்எஸ்சிஐ டோமில் இந்தியானா பேசர்ஸும் சாக்ரமென்டோ கிங்ஸும். சீசனுக்கு முந்தைய ஆட்டம்தான், இருந்தாலும் அடுத்தடுத்த இரண்டு நாள் அதே இரண்டு அணிகள். முதல் நாள் ஓவர்டைமில் 132-131. மறுநாள் 130-106. ஒரே எதிராளியோடு இரண்டாவது நாள் ஆடினால் ஆட்டம் எவ்வளவு வேறாக இருக்கும் என்பதை நம் வீட்டு வாசலிலேயே பார்த்தோம். டோமைக் காலி பண்ணிவிட்டு நாம் பழையபடியே நடத்திக்கொண்டிருக்கிறோம்.

சரி, உங்கள் கஷ்டத்துக்கு வருகிறேன். 16 அணி நாக்-அவுட் என்றால் மொத்தம் 15 ஆட்டம். இறுதி மட்டும் தொடரானால் அதிகபட்சம் 17. அரையிறுதிகளும் சேர்ந்தால் அதிகபட்சம் 21, எல்லாம் இரண்டிலேயே முடிந்தால் 18. ரெஃப்ரி படி, லைட் செலவு, மைதான வாடகை எல்லாம் அதற்குத் தக்கபடி கூடும், மறுக்கவில்லை. ஆனால் அரையிறுதிக்கு வருகிற அணிகள் பெரும்பாலும் இந்த ஊர்தான். தங்கும் செலவு கிடையாது. ரயில் பாஸ் எல்லோரிடமும் இருக்கிறது. வேண்டுமானால் திறப்பு விழாவில் பொன்னாடைகளையும் பேச்சையும் கொஞ்சம் குறையுங்கள். விருந்தினர் பேச்சு முடிந்து டிப்-ஆஃப் ஆகும்போது டேபிளில் எங்களுக்குக் கொட்டாவி வந்துவிடுகிறது.

சின்ன அணி பெரிய அணியைக் கவிழ்க்கிற சுவாரசியம் போய்விடுமே என்று ஒரு நிர்வாகி என்னிடம் சொன்னார். உண்மைதான், தொடரில் பலசாலிக்கே வாய்ப்பு அதிகம். அதனால்தான் காலிறுதி வரை நாக்-அவுட்டை அப்படியே விடச் சொல்கிறேன். கவிழ்க்கிறவர்கள் அங்கே கவிழ்க்கட்டும். கவிழ்த்து வந்தது அதிர்ஷ்டமா திறமையா என்பது அரையிறுதியில் தெரிந்துவிடும்.

இரண்டாவது பயமும் எனக்குத் தெரியும், பெஞ்ச் பிள்ளைகளுக்கு வாய்ப்பே கிடைக்காது என்பது. லீக் ஆட்டங்களுக்குப் பிறகு வரும் பிளேஆஃப் தொடர்களில் என்பிஏ கோச்களே எட்டு ஒன்பது பேரோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் அந்த எட்டு பேர் யார் என்பது ஆட்டத்துக்கு ஆட்டம் மாறுகிறது. முதல் நாள் பயன்படாதவன் மூன்றாம் நாள் எதிராளியின் ஒரே ஓர் ஆளைக் கட்டிப்போடுவதற்காக உள்ளே வருவான். இப்போது நம் நாக்-அவுட்டில் ஆறு பேர் ஆடுகிறார்கள், மற்ற ஆறு பேர் தண்ணீர் பாட்டில் தூக்குகிறார்கள். என் தாளில் அவர்கள் பெயருக்கு எதிரே எதுவும் எழுதாமல் மடித்து வைப்பது எனக்குப் பழகிவிட்டது.

நடைமுறைக்கு மூன்று வேண்டுகோள். இறுதித் தொடரில் முதல் ஆட்டத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவே ஒரு நாள் இடைவெளி விடுங்கள், கோச்கள் ஒரு மாலையாவது பயிற்சியில் புதிய மேட்ச்-அப்பை ஓட்டிப் பார்க்கட்டும். ஸ்கோர் டேபிளுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டாண்டில் மொபைலை மாட்டி ஆட்டத்தை முழுசாகப் படம்பிடிக்க இரண்டு அணிகளுக்கும் அனுமதி கொடுங்கள். ஆட்டம் முடிந்த கையோடு ஸ்கோர் ஷீட்டின் போட்டோ இரண்டு கோச்களுக்கும் போய்ச் சேர வேண்டும். இப்போது அது கமிட்டி ஃபைலுக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறது. மாற்று ஆட்களில் யார் உள்ளே வந்தார், எந்த குவார்ட்டரில் யாருக்கு எத்தனை ஃபவுல், எப்போது யார் எத்தனை எடுத்தார், எல்லாம் அதில் இருக்கிறது. அன்றைக்கு அந்தக் கோச் விரலால் எண்ணியதை வீட்டில் உட்கார்ந்து நிதானமாக எண்ணலாம்.

மழைக்கு முன் முடிக்க வேண்டும், பரீட்சை இருக்கிறது, மைதானம் வேறு ஆட்டத்துக்கும் வேண்டும் என்பதெல்லாம் தெரியும். முதலில் 18 வயதுக்குட்பட்டோர் பிரிவில் மட்டும் ஒரு சீசன் செய்து பாருங்கள். ஃபிக்ஸ்சர் அச்சுக்குப் போவதற்கு முன் சொல்லிவிட்டால் போதும். கூடுதல் ஆட்டங்களுக்கு டேபிளில் உட்கார எனக்குப் படி வேண்டாம். இன்னும் இரண்டு பேரிடம் கேட்டிருக்கிறேன், அவர்களும் வருகிறோம் என்கிறார்கள். சிவப்பும் நீலமுமாகப் பேனா மட்டும் கமிட்டி வாங்கித் தரட்டும், போன தடவை என் கைக்காசில் வாங்கினேன்.

இப்படிக்கு,
ஸ்கோர் டேபிளிலிருந்து ஒருவன்,
சயான், மும்பை